ஐந்தாவது மஞ்சள் அட்டை

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பள்ளிக்கூடம் முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாவுக்கு நாலரை மணிக்குத் தொடையில் ஸ்கான். அம்மாவுக்கு வேலை, அப்பா பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், ஆகவே நான். அண்ணா தன் போனையும் மணிக்கூட்டையும் சங்கிலியையும் கழற்றி என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார்.

இரசாயனவியல் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தேன். போன் அதிர்ந்தது. திரும்பவும் அதிர்ந்தது. மற்றவர்களின் போனைப் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் திரையில் தானாகவே வந்து நின்றது: கிரேஸ்டன் டவுன் உதைபந்தாட்டக் கழகம் வெளியிட்ட ஒரு படம். புதிதாக வந்த ஒருவன் சட்டையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான். சட்டையில் இலக்கம் 19.

பத்தொன்பது அண்ணாவின் இலக்கம்.

அண்ணாவின் சொந்தக் கழகம் டில்புறூக். அவர்கள்தான் ஒக்ரோபரில் அவரைக் கிரேஸ்டனுக்கு லோனில், அதாவது இரவலாக, அனுப்பினார்கள். மே மாதம் வரை என்று பேச்சு. கிரேஸ்டன் மனேஜர் கென்வர்த்தி ஜனவரியிலேயே பேச்சை முறித்து அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணா அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்த நேரத்தில்.

வெளியே வந்ததும், "என்ன, ஆரும் எடுத்தவையோ?" என்று கேட்டார். நான் போனை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படம் வடிவாத்தான் எடுத்திருக்கிறாங்கள்," என்றார். பிறகு மணிக்கூட்டைக் கேட்டார். கட்டுவதற்கு மூன்று தரம் முயல வேண்டியிருந்தது.

ஜனவரி 16, வியாழன்

உள்ளூர் வானொலியில் கென்வர்த்தியின் செவ்வி. ஒரு சொல்லும் தவறக்கூடாது என்று மூன்று தரம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"நல்ல பையன்தான். ஆனால் இருபத்தேழு வயதுக்குள் ஏழு கழகங்கள். ஏன் ஏழு என்று வந்த அன்றைக்கு யோசித்தேன். இப்போது எனக்குத் தெரியும்."

பிறகு சிரிப்பு. செவ்வி எடுத்தவரும் சேர்ந்து சிரித்தார்.

தொடை நோகிறது என்று அண்ணா டிசம்பரிலேயே சொன்னாரே? ஒரு ஊசி போட்டுக்கொண்டு இறங்கு என்று சொன்னது யார்? ஒரு தரமா, மூன்று தரம். மூன்றாம் ஊசியோடு தசை கிழிந்தது. அதை ஏன் வானொலியில் சொல்லவில்லை?

இந்த மனிதர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். எப்படி என்று தெரியாது. நான் பதினைந்து வயதுப் பெண். ஐந்தடி ஒரு அங்குலம். பந்தை நேராக உதைக்கத் தெரியாது. வாசிக்க மட்டும் தெரியும்.

ஜனவரி 19, ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர். பெர்னடெற் அன்ரி தட்டோடு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றா.

"மெற்றில்டா, உங்கட மகன் இன்னும் பந்துதான் அடிக்கிறாரோ?"

"ஓம். அவருக்கு அதுதானே வேலை."

"இப்ப எந்தக் கிளப்?"

"டில்புறூக்."

"போனமுறை வேற பேரெல்லோ சொன்னீங்கள்?"

"நீங்களும் மூண்டு வீடு மாறித்தானே நோர்பரிக்கு வந்தனீங்கள், அன்ரி. நாங்கள் ஏனெண்டு கேட்டனாங்களோ?"

அம்மா தன்னைவிட நான்கு வயது மட்டுமே மூத்தவவை அன்ரி என்று கூப்பிட்டதை நான் கவனித்தேன். அவவும் கவனித்தா.

இன்னொன்று. செபத்தில், பிழை செய்தவர்களை நாங்களும் பொறுப்பதாகச் சொல்லும் இடம் வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன். பொய் சொல்லிச் செபிப்பதைவிட அது நல்லது.

பெப்ரவரி 8, சனி

கிரேஸ்டன் மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது. இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

மார்ச் 15இல் டில்புறூக்கும் கிரேஸ்டனும் மோதுகின்றன. லோன் முடிந்துவிட்டதால் அண்ணா அவர்களுக்கு எதிராக விளையாடலாம். தொடை ஆறி, நேற்று முழுப் பயிற்சி செய்திருக்கிறார்.

டில்புறூக் மைதானம் நகரத்தின் மறு அந்தம், எட்மண்டனுக்கும் அப்பால். நான் போய்ப் பயிற்சி பார்க்க முடியாது. ஆகவே எனக்கு முடிந்ததைச் செய்கிறேன். கிரேஸ்டனின் கடைசி ஒன்பது ஆட்டங்களின் காணொளிகளைப் பார்த்துக் கோல் காப்பாளரைப் பற்றிக் குறிப்பு எடுத்திருக்கிறேன். நேருக்கு நேர் வருகிறவர்களை அவர் பதினொரு தரம் சந்தித்திருக்கிறார். எட்டுத் தரம் தன் இடது பக்கம் விழுந்தார். நான்கு பக்கம் எழுதி, படமும் கீறினேன்.

அண்ணா வாசித்துவிட்டுச் சிரித்தார். "ஜெனோ, எங்கட கிளப்பில இந்த வேலைக்கு எண்டு ஒரு ஆள் இருக்கிறார். அவர் ஒரு பக்கம்தான் தந்தவர்."

இந்தப் பருவம் முடிய அண்ணாவின் ஒப்பந்தம் முடிகிறது. இன்னொரு வருடம் தருவார்களா என்று அப்பா சாப்பாட்டு மேசையில் கேட்டார். "கிளப் இறங்காம நிண்டாப் பாப்பம்," என்றார் அண்ணா. ஐந்தாம் பிரிவின் அடியில் டில்புறூக்கும் கிரேஸ்டனும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அநேகமாக இரண்டில் ஒன்று ஆறாம் பிரிவுக்கு இறங்கும்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு கணிதப் பாடத்துக்குப் போனேன். தபசு காலத்துக்கு எதை விடப்போகிறாய் என்று அம்மா கேட்டா. சொக்லேற் என்றேன். விட வேண்டியது வேறொன்று என்று எனக்குத் தெரியும். அதை விடமாட்டேன்.

மார்ச் 15, சனி

எழுத மனமில்லை. ஆனால் எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன்.

அப்பாவும் நானும் போனோம். ஒன்றுக்கு ஒன்று. அண்ணா மாற்று வீரர்களின் வாங்கிலே இருந்தார். எழுபதாம் நிமிடம் இறக்கினார்கள். எண்பத்தெட்டாம் நிமிடம் பந்து பின்வரிசைக்கு மேலால் வந்து அவர் காலில் விழுந்தது. முன்னால் கோல் காப்பாளர் மட்டும். அப்பா எழும்பி நின்றார். நான் எழும்பவில்லை.

காப்பாளர் இடது பக்கம் விழுவார் என்று அண்ணா மற்றப் பக்கம் அடித்தார். காப்பாளர் விழவேயில்லை. நின்ற இடத்தில் நின்று காலை நீட்டினார். பந்து காலில் பட்டு வெளியே போனது.

நான் எழுதிக் கொடுத்தது. என் நான்கு பக்கங்கள்.

அதைவிட மோசமானது பிறகு நடந்தது. ஆட்டம் முடிந்ததும் கென்வர்த்தி மைதானத்துக்குள் வந்து அண்ணாவைக் கட்டிப்பிடித்தார், எல்லோரும் பார்க்க. அவர் என்ன சொன்னார் என்று காரில் கேட்டேன்.

"நன்றி சொன்னார். மூண்டு மாசம் எங்கட சட்டையில செய்யாததை இண்டைக்கு எங்களுக்குச் செய்து தந்திட்டாய் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"சிரிச்சன்."

"ஏன் சிரிச்சீங்கள்?"

"வேற என்ன செய்யிறது? அந்தாள் நாளைக்கு வேற கிளப்புக்கு மனேஜரா வரும். நான் நாளைக்கு வேற கிளப்பில வேலை தேடுவன். இது சின்ன உலகம், ஜெனோ."

அப்பா பார்வையை வீதியிலிருந்து எடுக்கவில்லை. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு இந்தச் சின்ன உலகம் வேண்டாம். பெரிய உலகம் ஒன்று வேண்டும், அதில் கென்வர்த்திக்கு ஒரு இடமும் இருக்கக்கூடாது.

மார்ச் 22, சனி

ஒழுங்காக எழுத வேண்டும்.

அண்ணா பதினெட்டு வயதில் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன் (முதல் நான்கு வருடத்தை அப்பா சொல்லச் சொல்லப் பின்னால் எழுதினேன்). எதிரணி, நிமிடங்கள், கோல், அட்டை. இன்று தமிழ்ப் பள்ளியால் வந்து, இந்தப் பருவத்தை லீக் இணையத்தளத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.

என் கொப்பியில் ஐந்து மஞ்சள் அட்டைகள். டில்புறூக்கில் மூன்று, கிரேஸ்டனில் இரண்டு. தளத்தில் அவர் பெயருக்கு நேரே மூன்றுதான். கிரேஸ்டனில் அவர் விளையாடிய பதினொரு ஆட்டங்களும் அதில் இல்லை. அழிந்துபோனவை போல.

தேடினேன். வேறொரு ஆள் இருந்தார்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரையே சேர்த்துக்கொள்கிறோம். அண்ணா இங்கே பிறந்தபோது ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார முறைப்படி பதிந்தார்கள்: முதற் பெயர் றொஜன், குடும்பப் பெயர் செபமாலைமுத்து. டில்புறூக்கில் அப்படித்தான். ஆனால் கிரேஸ்டனில் இருந்தவர் மறுபக்கமாக நிற்கிறார்: முதற் பெயர் செபமாலைமுத்து, குடும்பப் பெயர் றொஜன். புதிய பதிவு இலக்கம். புதிய மனிதர். அட்டைகள் இரண்டு மட்டும்.

இப்போது விதி. லீக் விதிப் புத்தகத்தை இன்று முழுவதும் வாசித்தேன். ஐந்து மஞ்சள் அட்டை வந்தால் அடுத்த ஆட்டத்தில் விளையாடக்கூடாது. கழகம் மாறினாலும் அட்டைகள் ஆளோடு போகும். தடையில் உள்ளவரை இறக்கினால் அந்த ஆட்டத்தில் பெற்ற புள்ளிகள் பறிபோகலாம்.

ஐந்தாவது அட்டை டிசம்பர் 21. அடுத்த ஆட்டம் டிசம்பர் 26. அன்று ரயில் ஓடாது என்று அப்பா எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றிப் போனார். அண்ணா எழுபத்தாறாம் நிமிடம் தலையால் அடித்தார். ஒன்றுக்குப் பூச்சியம். மூன்று புள்ளிகள்.

அந்த மூன்று புள்ளிகளும் இல்லாவிட்டால் கிரேஸ்டன் எங்கே நிற்கும்?

கழித்துப் பார்த்தேன். டில்புறூக்குக்குக் கீழே.

மார்ச் 23, ஞாயிறு

விசயத்தைச் சொல்லாமல் விசாரித்தேன்.

"அண்ணா, கிரேஸ்டனுக்குப் போகேக்க உங்கட மஞ்சள் அட்டை எத்தினை?"

"ஆருக்குத் தெரியும்? கிளப் மாறினாக் கணக்கு அழிஞ்சிடும்தானே."

அழியாது. அவருக்குத் தெரியாது. நல்லது. அவர் ஏமாற்றவில்லை.

பிறகு அப்பாவிடம், லோன் படிவத்தை யார் நிரப்பியது என்று கேட்டேன். "நான்தான். அண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்ப வேணும் எண்டவங்கள். உன்ர அண்ணா சாமான் கட்டிக்கொண்டு நிண்டவன். வடிவா, பெரிய எழுத்தில எழுதினன்." அவருக்குப் பெருமை. முழுப்பெயர் என்று ஒரேயொரு வரி இருந்ததாம். ஞானஸ்நானப் பதிவில் உள்ளதுபோல் தகப்பன் பெயரை முன்னும் பிள்ளை பெயரைப் பின்னும் எழுதியிருக்கிறார். கிரேஸ்டன் செயலாளர் கடைசியில் இருந்ததைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டா.

யாருமே கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் விதி எண்ணத்தைக் கேட்பதில்லை. விதிப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கிரேஸ்டன் 44. டில்புறூக் 42. இன்னும் நான்கு ஆட்டங்கள்.

நேற்றும் அண்ணாவை இறக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

லீக்குக்கு அனுப்பிவிட்டேன்.

புதிய மின்னஞ்சல் முகவரி. "ஒரு நெடுநாள் இரசிகர்" என்று கையெழுத்து. ஆறு பக்கம், அட்டவணை இரண்டு, அடிக்குறிப்பு பதினான்கு. ஒரு பொய்யும் இல்லை, ஒரு பெயரடைகூட இல்லை. கென்வர்த்தியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதாமல் விடுவதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது.

நூலகத்திலிருந்து அனுப்பினேன். வெளியே வந்தபோது மழை. தொப்பியைப் போட்டுக்கொள்ளாமல் நடந்தேன். ஒரு மனிதரின் தலைக்கு மேல் எதையோ தூக்கி வைத்திருப்பதுபோல இருந்தது. எப்போது விழும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஏப்ரல் 16, புதன்

பெரிய வாரத்துப் பாவசங்கீர்த்தனம். கோபம், சோம்பல், அம்மாவுக்கு எதிர்ப்பேச்சு. கடிதத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. உண்மையைச் சொல்வது எந்தக் கட்டளைக்கு எதிரானது?

ஏப்ரல் 24, வியாழன்

லீக் குழுவின் தீர்ப்பு வெளிவந்தது. கிரேஸ்டனுக்கு மூன்று புள்ளிகள் குறைப்பு. "விளையாட்டு வீரர் அறியாமலே நிகழ்ந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும்.

கென்வர்த்தியின் படம் பத்திரிகைத் தளத்தில். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

இது என் பட்டியலில் இருக்கவில்லை.

கென்வர்த்தி பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார்: "குடும்பத்தார் அனுப்பிய படிவத்தை நம்பினோம். ஒரு தகப்பனுக்குத் தன் மகனின் பெயரை எழுதத் தெரியும் என்று நினைத்தோம்."

யாரோ படிவத்தையும் போட்டுவிட்டார்கள். அப்பாவின் பெரிய எழுத்து, வடிவாக. கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு.

அப்பா வேலையால் வந்து, சீருடையைக் கழற்றாமல் குசினியில் இருந்தார். பஸ் டிப்போவில் யாரோ காட்டியிருக்கிறார்கள். "முப்பத்தொரு வருசம் இந்த நாட்டில படிவம் நிரப்பிறன்," என்றார். "விசா, கவுன்சில், உங்கட பள்ளிக்கூடம் — ஒண்டும் திரும்பி வந்ததில்லை. இப்ப பார், மெற்றில்டா, நான் பெத்த பிள்ளையின்ர பேரை."

"இஞ்சேருங்கோ, நீங்கள் எழுதினது எங்கட முறை. அவங்களுக்கு விளங்காட்டி ஆற்ற பிழை?"

"அவன்ர கோல் அது. கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் அடிச்சது. அதை நான் அழிச்சுப்போட்டன்."

இல்லை அப்பா, நான். நான்தான் — வாய்வரை வந்தது. மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். என்னடி செய்து வைச்சிருக்கிறாய் ஜெனோஜா. உன்ர அடிக்குறிப்புகளில அப்பா எங்க இருந்தவர்? பதினாலில ஒண்டிலயாவது இருந்தவரோ?

கென்வர்த்தியில் எனக்குள்ள வெறுப்பு இரண்டு மடங்காகிவிட்டது. அது வசதியாக இருக்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

கிரேஸ்டன் செயலாளர் பதவி விலகிவிட்டா. அறுபத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் அங்கே. அண்ணா அவவுக்குப் போன் எடுத்து அரை மணித்தியாலம் கதைத்தார். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "இல்லை, அம்மா, உங்கள் பிழையில்லை" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவவின் பெயர்கூட எனக்கு இன்றுதான் தெரியும். பமெலா.

மே 3, சனி

கடைசி நாள். கிரேஸ்டன் 44, டில்புறூக் 46.

கிரேஸ்டன் இறங்கியது. கடிதம் இல்லாவிட்டால் 47. நாங்கள் இறங்கியிருப்போம். அண்ணாவின் கழகம் நின்றது, என்னால்.

இன்று மட்டும் குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிட்டேன்.

மே 6, செவ்வாய்

கென்வர்த்தியை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இணையத்தில் இரண்டு வரியில் அறிவித்திருக்கிறார்கள். மைதானத்துக்குப் போன வழியில் அவருக்குத் தெரிந்ததாம், போனில் பார்த்து.

போனில் பார்த்து!

இதைவிடச் சரியாக நானே எழுதியிருக்க மாட்டேன். சிவப்புப் பேனையால் ஜனவரி 16ஆம் பக்கத்துக்குக் குறுக்கே கோடு இழுத்தேன்.

மே 9, வெள்ளி

பருவம் முடிந்ததும் ஒவ்வொரு கழகமும் ஒரு பட்டியல் போடும்: இன்னார் நிற்கிறார்கள், இன்னார் போகிறார்கள். டில்புறூக்கின் பட்டியல் காலை பத்து மணிக்கு வந்தது. போகிறவர்கள் ஒன்பது பேர். ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவதாக அண்ணா.

மனேஜர் மரியாதையாகக் கூப்பிட்டு இருத்திச் சொன்னாராம். அண்ணா அதை எங்களுக்கு அப்படியே சொன்னார். அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டா.

"கிளப் நிண்டிட்டுதாம். அதால முதலாளி என்ர இடத்துக்குப் புதுசா ஒரு ஸ்ட்ரைக்கர் வாங்கித் தாறாராம். இறங்கியிருந்தா என்னை வைச்சிருப்பினமாம். இறங்கின கிளப்புக்கு என்னை மாதிரி ஆள்தான் சரியாம்."

"அப்பிடியே சொன்னவர்?" என்றார் அப்பா.

"நல்ல மனிசன், அப்பா. ஒளிக்காமச் சொன்னவர்."

இறங்கியிருந்தால் வைத்திருப்பார்கள்.

நான் வாசித்த எந்த விதியிலும் இது இருக்கவில்லை.

ஜூன் 14, சனி

அண்ணாவின் ஏஜென்ற் மூன்று கிழமையாகப் போன் எடுக்கவில்லை. அண்ணா காலையில் நோர்பரி பூங்காவைச் சுற்றி ஓடுகிறார். பகலில் பொதிகள் கொண்டுபோய்க் கொடுக்கும் வான் ஓட்டுகிறார். இரண்டு கழகங்கள் விசாரித்தனவாம். "புள்ளி வெட்டுப்பட்ட அந்த ஆள்தானே" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டனவாம்.

தமிழ்ப் பள்ளி வாசலில் பெர்னடெற் அன்ரி இன்று ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

மாலை ஆறு மணிக்கு அண்ணாவுக்கு ஒரு போன். தோட்டத்துக்குள் போய்க் கதைத்தார். திரும்பி வந்தபோது முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கென்வர்த்தி."

அண்ணா போனை மேசையில் வைத்தார்.

"ஆறாம் பிரிவில ஒரு கிளப் எடுத்திருக்கிறார். குறொய்டனுக்கு அங்கால. ஸ்ட்ரைக்கர் இல்லையாம். சனிக்கிழமை ஒரு சிநேக ஆட்டம், வந்து விளையாடிக் காட்டட்டாம்."

அப்பா எழும்பினார். "அந்தாளோ? என்ர பேரைப் பேப்பரில போட்ட ஆளோ?"

"அப்பா, மே மாசத்தில இருந்து எனக்குப் போன் எடுத்த ஒரே ஆள் அந்தாள்தான்."

அப்பா திரும்பவும் கதிரையில் இருந்தார்.

ஜூலை 12, சனி

அப்பா வரவில்லை. நான் போனேன்.

ரயிலில் எனக்கு எதிரே இருந்த அண்ணா சப்பாத்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "லீக் அந்தக் கடிதத்தையும் எனக்கு அனுப்பினது. விசாரிக்கேக்க."

நான் யன்னலைப் பார்த்தேன்.

"எந்த இரசிகன் அடிக்குறிப்புப் போட்டு எழுதுவான், ஜெனோ?"

ரயில் இரண்டு ஸ்ரேசன் தாண்டியது. நான் அழுதேனா? ஓம். ஆனால் சத்தமில்லாமல்.

"அண்ணா, நான் அந்தாளுக்குத்தான் — உங்களுக்கில்ல — அப்பாவுக்கில்ல —"

"தெரியும்."

"அப்பாட்டச் சொல்லப்போறன். இண்டைக்கே."

"சொல்லாத. தன்ர பிழை எண்டால் அவர் தாங்குவார். நீ செய்தது எண்டால் தாங்கமாட்டார்." பிறகு, "அந்தாளுக்கும் சொல்லாத. எனக்கு வேலை வேணும்."

மைதானத்தில் ஒரு பக்க வேலிதான், நூறு பேர் வரை. வாசலில் தந்த தாளில் அணிப் பட்டியல். ஒப்பந்தம் இல்லாத ஆட்களின் பெயரைப் போடமாட்டார்களாம். ஒன்பதாம் இலக்கத்துக்கு நேரே "பரீட்சார்த்த வீரர்" என்று மட்டும் இருந்தது.

நாற்பதாம் நிமிடம், மூலை உதையில் வந்த பந்து, யாருடைய முழங்காலிலோ பட்டுத் திரும்பியது. அண்ணா விழுந்துகொண்டே உள்ளே தள்ளினார். அழகான கோல் இல்லை. ஒலிபெருக்கியில், "கோல், பரீட்சார்த்த வீரர்." சனம் சிரித்தது.

கென்வர்த்தி கோட்டுக்கு அருகே நின்றார். படங்களில் தெரிவதைவிடக் கட்டையானவர். கால்சட்டை முழங்காலில் ஊத்தை. கோல் விழுந்ததும் இரண்டு கையையும் தூக்கி, பக்கத்தில் யாரும் இல்லாததால், திரும்பி வேலிக்கு இப்பால் நின்ற என்னைப் பார்த்துத் தூக்கிய கையை ஆட்டினார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

என் கையும் மேலே போனது. நான் தூக்கவில்லை. அது போனது.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு வருட ஒப்பந்தம். எட்டாவது கழகம். கொப்பியில் புதிய பக்கம் கீறினேன்.

ஓகஸ்ட் 30, சனி

சொந்த மைதானத்தில் திரும்பவும் தோல்வி. ஐந்து ஆட்டங்களில் ஒரு வெற்றி. அண்ணா ஐந்திலும் தொண்ணூறு நிமிடம் விளையாடியிருக்கிறார், இரண்டு கோல். ஏழு கழகங்களில் ஒருவரும் அவரை இப்படித் தொடர்ந்து இறக்கியதில்லை. இன்று அப்பாவும் வந்தார். தொப்பியை நெற்றிவரை இறக்கிப் போட்டுக்கொண்டு.

எண்பதாம் நிமிடமளவில் பின்னால் நின்ற ஒரு உயரமான மனிதர் கத்தத் தொடங்கினார். கென்வர்த்தி வெளியே போ. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுவதும் அதுவே. எட்டு மாதத்துக்கு முன் இதைக் கேட்டிருந்தால் நான் இரண்டு வருடத்துக்கு நித்திரை கொள்ளாமல் இருந்திருப்பேன், சந்தோசத்தில்.

இன்று கணக்குப் போட்டேன். அவரை விலக்கினால் புது மனேஜர் வருவார். புது மனேஜர் தன் ஆட்களைக் கொண்டுவருவார். ஜனவரியில் இலக்கங்கள் மாறும்.

திரும்பி அந்த மனிதரிடம், "அவருக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள். காயம் பட்ட நான்கு பேர் இல்லாமல் விளையாடுகிறார். சென்ற ஆட்டத்தில் பந்து கம்பத்தில் இரண்டு தரம் பட்டது," என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. அப்பா தொப்பியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அந்த மனிதர் குனிந்து, கோபமில்லாமல், கேட்டார்: "அவர் உனக்கு யார், பிள்ளை?"

"எங்கள் மனேஜர்," என்றேன்.